மழையில் தண்ணீர் ஊற்றப் போனேன்

ஜூன் 9, ஞாயிறு

ஐம்பது வயதில் முதல் தடவையாகத் திருடியிருக்கிறேன். அதுவும் முதல் பூசைக்குப் போகிற வழியில்.

திருடியது ஐந்து மாங்குச்சிகள். அடுத்த தெரு முனை வீட்டு மதிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கிளையிலிருந்து வெட்டி, நனைத்த கைக்குட்டையில் சுருட்டிக் கைப்பைக்குள் வைத்தேன். பூசை முழுக்க மாம்பால் வாசம். முன் பெஞ்சில் இருந்த ஒரு அம்மா இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். பிரசங்கம் எதைப் பற்றி என்று யாராவது கேட்டால் எனக்குத் தெரியாது.

அந்த மரத்துக்குப் பெயர் கிடையாது. யாரோ தின்று எறிந்த கொட்டையிலிருந்து தானாக வளர்ந்தது. போன சீசனில் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது என் ஸ்கூட்டருக்கு முன்னால் ஒரு பழம் விழுந்தது. வண்டியை ஓரங்கட்டி, நின்ற இடத்திலேயே தோலைப் பல்லால் கிழித்துத் தின்றேன். முதலில் தேன். விழுங்கின பிறகு நாக்கின் அடியில் பச்சை இஞ்சி மாதிரி ஒரு சுரீர். பதினெட்டு வருடமாகப் பிளஸ் டூவுக்குத் தாவரவியல் நடத்துகிறேன். நாகர்கோவில் சந்தையில் வராத மாம்பழம் இல்லை. இப்படி ஒன்றைத் தின்றதில்லை. உலகத்திலேயே அந்த ஒரு மரம்தான்.

அந்த வீட்டை விற்கப்போகிறார்கள். வாங்குகிறவர் மரத்தை எடுத்துவிட்டு நாலு கடை கட்டப்போகிறாராம். ஆகஸ்ட் கடைசியில் பத்திரம். கொட்டை போட்டால் அதே பழம் வராது. ஒட்டுக் கட்டினால்தான் அதே மரம் கிடைக்கும். ஆகஸ்டுக்குள் ஒரு கன்றிலாவது பிடித்துவிட வேண்டும்.

கேட்டே வாங்கியிருக்கலாம். ஆனால் வீட்டுக்காரர் டென்சிங், இருபத்தாறு வருடத்துக்கு முன் என்னைப் பெண் பார்க்க வந்தவர். நான்தான் வேண்டாம் என்றேன். எனக்கு எம்.எஸ்சி. முடித்த திமிர். அவர் அப்போது மின்வாரியத்தில் கம்பம் ஏறிக்கொண்டிருந்தார். அவர் வாசலில் போய் நின்று, அஞ்சு குச்சி தருவீர்களா என்று எந்த வாயால் கேட்பது?

பிறகு அவருக்குக் கல்யாணம் நடந்தது. மனைவி இறந்து ஆறு வருடம் ஆகிறது. மகள் அயர்லாந்தில் நர்ஸ். வீட்டை விற்றுவிட்டு அவரும் அங்கேயே போகிறாராம். அது அவர் பாடு. எனக்கு வேண்டியது மரம்.

மாலையில் ஐந்தையும் ஒட்டினேன். கன்றின் தலையை வெட்டி, நடுவில் பிளந்து, குச்சியின் அடியை ஆப்பு மாதிரிச் சீவிச் செருகி, பிளாஸ்டிக் நாடாவால் கட்டி, ஈரம் போகாமலிருக்க மேலே கவர் மாட்டினேன். கரும்பலகையில் நூறு தடவை வரைந்தது. கையால் செய்வது இதுதான் முதல் தடவை.

ஜூன் 10, திங்கள்

காலையில் கவரைத் தூக்கிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. பள்ளி விட்டு வந்து பார்த்தேன். ஒன்றுமில்லை. காப்பி குடித்துவிட்டு இன்னொரு தடவை பார்த்தேன்.

ஜூன் 23, ஞாயிறு

ஐந்தும் கறுத்துவிட்டன.

பக்கத்து வீட்டு மைனி எட்டிப் பார்த்தார். என் அண்ணன் மனைவி ஸ்டெல்லா. என் பின்பக்க ஏழு சென்ட்டில் எந்த மரம் பூத்தாலும் காய்த்தாலும் முதல் தகவல் அவருக்குத்தான்.

"ஏட்டி ஜெசிந்தா, தீக்குச்சிய நட்டு வச்சிருக்கியா?"

"ஒட்டு மைனி. பட்டுப்போச்சு."

"எந்த மரத்துக் குச்சி?"

"ஒரு மரம்."

மைனி அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. அவர் கேட்காமல் இருக்கும்போதுதான் பயமாக இருக்கிறது.

ஜூன் 26, புதன்

மறுபடியும் திருடினேன். இந்த முறை ஆறு. பழகிவிட்டது. திரும்பும்போது ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தேன் என்பது வீட்டுக்குள் நுழைந்த பிறகுதான் தெரிந்தது.

ஜூலை 14, ஞாயிறு

தளிர்!!!

மூன்றாவது கன்றில். செம்பு நிறம். எறும்பின் தலை அளவு. மைனியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கண்ணாடி எடுத்து வர வீட்டுக்குப் போனார். அதுவரை பொறுக்க முடியாமல் நான் கிணற்றைச் சுற்றி இரண்டு தடவை நடந்தேன். நடந்தேன் என்றா எழுதினேன்? ஓடினேன்.

ஜூலை 15, திங்கள்

ஆசிரியர் அறையில் எல்லாருக்கும் லட்டு கொடுத்தேன். வேதியியல் டீச்சர் "பேரப்பிள்ளையா?" என்று கேட்டார். கல்யாணமே ஆகாதவளுக்குப் பேரப்பிள்ளை! அவ்வளவு சிரிப்பு என் முகத்தில் இருந்திருக்க வேண்டும்.

சாயங்காலம் நாடாவின் ஓரத்தை விலக்கிப் பார்த்தேன். தளிர் ஒட்டுக்கு மேலே இல்லை. கீழே. குச்சி செத்துவிட்டது. கீழ்க்கன்று தன் பாட்டுக்குத் தன் கிளையை விட்டிருக்கிறது. ஒட்டுக்கு அடியில் முளைப்பதை உடனே கிள்ளி எறிய வேண்டும் என்று வருடா வருடம் பிள்ளைகளுக்கு எழுதிப்போடுகிறவள் நான். அதற்கு லட்டு வேறு.

படுக்கையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தேன்.

ஜூலை 17, புதன்

இதை நிதானமாக எழுத வேண்டும்.

மூன்றாவது திருட்டுக்குப் போனேன். மதிலோரக் கிளையில் பத்துக் குச்சிகளில் இலையே இல்லை. பூச்சி தின்றதல்ல. ஒவ்வொரு இலையும் நகத்தால் கிள்ளப்பட்டு, காம்பு மட்டும் விடப்பட்டிருந்தது.

ஒட்டுக்குச்சி எடுக்கப் பத்து நாள் முன்னால் செய்கிற வேலை அது. இலை போனால் மரத்தின் பால் மொட்டுக்கு ஏறும். மொட்டு பருத்த குச்சிதான் பிடிக்கும். எனக்கும் தெரியும். ஆனால் திருடப் போகிறவள் பத்து நாள் முன்னால் போய் இலை கிள்ளிவிட்டு வர முடியுமா?

யாரோ எனக்காகக் கிள்ளி வைத்திருக்கிறார்கள். பத்தும் சரியாக என் கை எட்டும் உயரத்தில்.

ஒன்றையும் வெட்டாமல் ஓடி வந்துவிட்டேன்.

ஜூலை 18, வியாழன்

பிளஸ் டூ ஏ பிரிவில் ஒரு பெண், "டீச்சர், நீங்க போர்டைப் பாத்துச் சிரிக்கீங்க" என்றாள். போர்டில் கேம்பியத்தின் படம், ஒட்டில் இரண்டு தண்டும் சேருகிற அடுக்கு.

ஜூலை 20, சனி

போனேன். பிளேடு கையில். மதிலுக்கு மேலிருந்து குரல் வந்தது.

"இன்னும் ரெண்டு நாள் பொறுத்தா மொட்டு நல்லா முட்டிக்கிட்டு வரும் டீச்சர்."

டென்சிங் ஏணியில் நின்றிருந்தார். முன்னந்தலையில் முடி குறைந்திருக்கிறது. குரல் அதேதான்.

"நான் பூசைக்குப் போற வழியில..."

"இன்னைக்கு சனிக்கிழமைல்லா?"

"நான்தான்னு எப்படித் தெரியும்?"

"மத்தவங்க இங்கன மாங்காயத் திருடுவாங்க. மாங்காய விட்டுட்டுக் குச்சியத் திருடறதுக்கு, அதுவும் அளவெடுத்துச் சாய்வா வெட்டறதுக்கு, இந்த ஊர்ல வேற யாரு இருக்கா? எத்தன பிடிச்சுது?"

"ஒண்ணும் பிடிக்கல."

"கவரத் தெறந்து தெறந்து பாத்திருப்பீங்க."

"ஒரு நாளைக்கு ஒரு தடவைதான்."

அவர் ஏணியிலிருந்து குனிந்து என் முகத்தைப் பார்த்தார்.

"மூணு தடவை" என்றேன்.

"உங்களுக்கு நெருக்கு ஒட்டுதான் சரி. கன்னுகள இங்கன கொண்டு வந்திருங்க. பரண் கட்டித் தூக்கி வச்சு, கிளையோட கன்ன அப்பிடியே சேத்துக் கட்டிருவோம். ரெண்டும் அதது வேர்ல நிக்கும். ஒண்ணும் வாடாது. நீங்க எத்தன தடவை வேணும்னாலும் பாத்துக்கலாம்."

"எத்தனை நாளாகும்?"

"மூணு மாசம். கன்னு பைக்குள்ள நிக்கதுனால தெனமும் தண்ணி ஊத்தணும்."

"ஆகஸ்ட்ல பத்திரம்னு கேள்விப்பட்டேன்."

"மரம் காலண்டர் பாத்தா ஒட்டும்? அக்டோபர் கடைசில வச்சுக்கலாம்னு சொல்லிருதேன்."

தண்ணீர் யார் ஊற்றுவது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஜூலை 21, ஞாயிறு

இரண்டு கன்றுகளை ஸ்கூட்டரின் முன்னால் வைத்துக் கொண்டுபோனேன். பரண் தயாராக இருந்தது. வேலை இதுதான்: கிளையில் ஒரு சீவல், கன்றில் ஒரு சீவல், இரண்டு காயத்தையும் முகத்தோடு முகம் வைத்து இறுக்கிச் சுற்ற வேண்டும். நான் வாங்கிப்போன நாடாவை ஒதுக்கிவிட்டு, அவர் கறுப்பு ஒயர் டேப்பை எடுத்தார்.

"கரண்டு ஒயருக்கு ஜாயின்ட் போடறது மாதிரிதான் டீச்சர். மேல்தோல உரி. உள்ளத உள்ளதோட சேரு. காத்துப் போகாம சுத்து."

நான் வகுப்பில் இதைச் சொல்ல நாற்பது நிமிடம் எடுத்துக்கொள்கிறேன்.

அவர் இரண்டையும் சேர்த்துப் பிடித்தார், நான் டேப் சுற்றினேன். பிடித்த விரலையும் சேர்த்துச் சுற்றிவிட்டேன். அவிழ்த்து மறுபடி சுற்ற வேண்டியதாயிற்று. ஒட்டுக் கட்டும்போது அவசரம் கூடாது.

அவர் சட்டை ஆலிவ் பச்சை. கிளைக்குப் பக்கத்தில் இருந்ததால் கண்ணில் பட்டது.

ஜூலை 29, திங்கள்

விடியற்காலையிலிருந்து அடைமழை. ஆறரைக்கு ரெயின்கோட் மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தேன். மைனி வாசலில்.

"இந்த மழையில எங்கட்டி?"

"கன்னுக்குத் தண்ணி ஊத்தப் போறேன்."

மைனி வானத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி வானத்தைப் பார்த்தார்.

"பைக்குள்ள மழைத்தண்ணி போகாது மைனி. மேல இலை மறைக்கும். அப்புறம் பைக்குள்ள வேர் சூடாகி..."

"போ, போ. வேர் சூடாயிரப்போகுது. பொட்டு அழிஞ்சிரும், கவனமாப் போ."

பொட்டு வைத்திருந்தேனா? வைத்திருக்கிறேன்.

அங்கே பைகளில் தண்ணீர் தளும்பியது. ஊற்றுவதற்குப் பதிலாகச் சாய்த்து வடித்தேன். அவர் குடை பிடித்தார், எனக்கல்ல, ஒட்டுக்கு. நான் நன்றாக நனைந்தேன். சொன்னால் குடையை இந்தப் பக்கம் நகர்த்தியிருப்பார், சொல்லத் தோன்றவில்லை.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

கடும் கோபத்தில் எழுதுகிறேன்.

இத்தனை நாள் தொண்டைக்குள் இருந்ததை இன்று தண்ணீர் ஊற்றிக்கொண்டே சொல்லிவிட்டேன். "அன்னைக்கு நான் வேண்டாம்னு சொன்னது சரியில்ல. கம்பம் ஏறறவர்னு நெனச்சேன். தப்பு."

அதற்கு அந்த மனுஷர் சொல்கிறார்: "அதுக்கு எதுக்கு டீச்சர் வருத்தப்படுதீங்க? நானும் வேண்டாம்னு சொல்லத்தான் இருந்தேன். நீங்க முந்திட்டீங்க."

"எதுக்கு வேண்டாம்?"

"அர மணி நேரம் இருந்தோம். நீங்க மேசையில இருந்த செம்பருத்திய எடுத்து, இது அல்லி, இது புல்லி, இது சூல்தண்டுன்னு பிச்சுப் பிச்சுக் காட்டினீங்க. எங்கம்மா வெளிய வந்து, பிள்ளைக்குப் பூவக் கண்டா ஆகாது போலன்னாங்க."

என்னை வேண்டாம் என்று சொல்ல இவர் யார்? இருபத்தாறு வருடம் நான் வீணாகக் குற்ற உணர்ச்சியோடு இருந்திருக்கிறேனா? நாளைக்குப் போகமாட்டேன்.

ஆகஸ்ட் 12, திங்கள்

போனேன். கன்று என்ன பாவம் செய்தது?

பரணில், தண்ணீர் ஊற்றும் குவளைக்குப் பக்கத்தில், ஒரு செம்பருத்தி முழுசாக வைக்கப்பட்டிருந்தது. அதை அதே இடத்தில் விட்டுவிட்டு வந்தேன். பிறகு திரும்பிப் போய் எடுத்து வந்தேன்.

ஆகஸ்ட் 24, சனி

அயர்லாந்திலிருந்து போன். "ஆன்ட்டி, நான் மெர்லின் பேசுதேன். டென்சிங் மகள்."

"ஆன்ட்டி, ஒரு சந்தேகம். ஒரு மாங்கன்னு ஒட்டறதுக்கு மூணு மாசம் ஆகுமா?"

"ஆகும்மா. தாவரவியல்படி எழுபதிலிருந்து தொண்ணூறு நாள்."

"பத்திரத்தத் தள்ளி வச்சதுக்கு அப்பா இதத்தான் சொன்னாங்க. நான் நம்பல. அந்த வீட்ட வாங்கப்போறவங்க தெனமும் எனக்கு மெசேஜ் போடுதாங்க. இன்னொண்ணு ஆன்ட்டி. வீடியோ கால்ல பாத்தா அப்பா தெனமும் ஷேவ் பண்ணியிருக்காங்க. அதுவும் ஒட்டுக்குத் தேவையா?"

"சுத்தம் முக்கியம்மா. பூஞ்சை வரக்கூடாது" என்றேன்.

அந்தப் பக்கம் சிரிப்பை அடக்குகிற சத்தம் கேட்டது.

செப்டம்பர் 8, ஞாயிறு

டேப்புக்கு மேலும் கீழும் தண்டு பருத்திருக்கிறது. நகத்தால் மெதுவாகத் தட்டினால் இரண்டும் ஒன்றாக அசைகின்றன. பிடித்துவிட்டது. இந்த முறை யாருக்கும் லட்டு கொடுக்கவில்லை. ஏனோ கொடுக்கத் தோன்றவில்லை. பிடித்துவிட்டால் அடுத்தது அறுப்பது.

அக்டோபர் 6, ஞாயிறு

முதல் வெட்டுக்கு நாள் வந்துவிட்டது. ஒரேயடியாக அறுத்தால் கன்று அதிர்ந்துவிடும். ஒட்டுக்குக் கீழே கிளையில் முதல் வாரம் கால்பங்கு, அடுத்த வாரம் பாதி, அதற்கடுத்த வாரம் முழுதாக. "கத்தி துருப் பிடிச்சிருக்கு" என்றார். கத்தி பளபளவென்று இருந்தது. "அப்ப அடுத்த ஞாயிறு பாத்துக்கலாம்" என்றேன்.

அக்டோபர் 13, ஞாயிறு

கால்பங்கு வெட்டியாயிற்று. ஒரு இலைகூட வாடவில்லை. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு சந்தோஷப்பட்டோம். பெரிய சந்தோஷம் என்று சொல்ல முடியாது.

வரும் முப்பதாம் தேதி, புதன்கிழமை, பத்திரம். இனித் தள்ள முடியாதாம். விமான டிக்கெட் நவம்பர் பத்து.

அக்டோபர் 20, ஞாயிறு

பாதி.

அக்டோபர் 27, ஞாயிறு

இன்று நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

ஆறரைக்குப் போனேன். கத்தியை என் கையில் கொடுத்தார். "நீங்களே அறுங்க டீச்சர்." அறுத்தேன். இரண்டு நொடி. கன்று தனியாக வந்துவிட்டது, மேலே அந்த மரத்தின் நான்கு இலைகளோடு. இரண்டாவதையும் அறுத்தேன். உலகத்தில் இப்போது அந்த மாமரம் மூன்று இடத்தில் இருக்கிறது. நான் ஜூன் மாதம் நினைத்ததெல்லாம் நடந்துவிட்டது. அழுகை வருமோ என்று பயந்து, இரண்டு பைகளையும் தூக்கி ஸ்கூட்டரில் வைத்தேன். அப்போதுதான் பார்த்தேன்.

அடுத்த கிளையில் இன்னொரு பரண். அதில் மூன்று புதுக்கன்றுகள், கறுப்பு டேப் சுற்றி.

"இது எப்போ கட்டினீங்க?"

"நேத்து சாயங்காலம்." அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "இதுக்கும் தெனமும் தண்ணி ஊத்தணும்லா. மூணு மாசம்."

"புதன்கிழமை பத்திரம்."

"ஆமா."

"அப்ப இது எப்படிப் பிடிக்கும்?"

"அதான் யோசிச்சிட்டு இருக்கேன்."

அந்தச் சாக்கை அப்படியே வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம். மூன்று மாதம் கிடைக்கும். அதற்குப் பிறகு இன்னொரு பரண், இன்னொரு மூன்று மாதம். எனக்கு அது பிடித்தும் இருந்தது. அதனால்தான் எரிச்சல் வந்தது. பரணில் ஏறி, மூன்று கட்டுகளையும் அவிழ்க்க ஆரம்பித்தேன்.

"டீச்சர், என்ன செய்யுதீங்க?"

"இதெல்லாம் வேண்டாம்."

அவர் முகம் வெளுத்துவிட்டது. "சரி" என்றார். இருபத்தாறு வருடத்துக்கு முன்னும் இப்படித்தான் சரி என்று சொல்லியிருப்பார் போல. அந்த 'வேண்டாம்' என் வாயிலிருந்து எப்படிப் போய் விழுந்தது என்று அப்போதுதான் உறைத்தது. அவசரமாகச் சொன்னேன்:

"கன்னுதான் வேண்டாம். எனக்குத் தண்ணி ஊத்தற வேலை வேண்டாம். நாளைக்கு நான் சும்மா வாறேன். நீங்க பத்திரத்துக்குப் போகாதீங்க."

"மரத்துக்காகவா?"

"மரம் ரெண்டு பையில அந்தா என் ஸ்கூட்டர்ல நிக்கி. அத நான் கொண்டு போயிருவேன். மரத்துக்காக இல்ல."

பரண் மேல் நின்றுகொண்டு, கை முழுக்க டேப்போடு, இதைவிட மோசமான நிலையில் யாரும் இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.

"யாருக்கு?"

"மெர்லினுக்கு. அங்க இப்ப ராத்திரி. தூங்கிட்டிருப்பா. பரவால்ல, எழும்பட்டும்."

அவள் உடனே எடுத்தாள். தூங்கின குரல் அல்ல அது. "வீட்ட விக்கல மக்கா" என்றார் அவர்.

அக்டோபர் 28, திங்கள்

காலை ஆறரைக்குப் போனேன். கையில் குவளை இல்லை, கத்தி இல்லை. மைனி வாசலில் நின்றார். எங்கே என்று கேட்கவில்லை, தலையை மட்டும் ஆட்டினார்.

அவரும் நானும் படியில் உட்கார்ந்தோம். செய்ய எந்த வேலையும் இல்லாததால் கைகளை எங்கே வைப்பது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. கால் மணி நேரம் ஆகியும் மரத்தின் பக்கம் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பள்ளிக்கு முதல் மணி அடித்த பிறகுதான் போய்ச் சேர்ந்தேன்.